எச்சில் மூச்சு

தண்ணீருக்கு அடியில் இனி யாரும் யாருடைய எச்சிலையும் வாயில் வைக்க வேண்டியதில்லை என்று புது விதி வந்த அன்று, நீச்சல்குளத்தின் கரையில் கைதட்டிய ஒரே ஆள் நான்தான். இப்போது அந்தக் கைதட்டலை நினைத்தால் வயிறு எரிகிறது.

என்ன விதி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கூபா டைவிங்கில் ஆரம்பப் பாடமெல்லாம் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதற்கு. அதைத் தாண்டினால் டைவ் மாஸ்டர் என்று ஒரு படி இருக்கிறது. மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. தலைமைக்கு அதுதான் முதல் படி. அதில் ஏற நீந்த வேண்டும், கைகால் ஓயும்வரை மிதக்க வேண்டும், களைத்துப்போனவரைக் கரைக்கு இழுத்து வர வேண்டும். இதெல்லாம் பரவாயில்லை. எல்லோரும் பயந்த பரீட்சை வேறு. இரண்டு பேர் குளத்தின் அடித்தரையில் எதிரெதிரே மண்டியிட்டு, மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பு, சிலிண்டர் மாட்டிய ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் கழற்றி, ஒருவருடையதை மற்றவர் மாட்டிக்கொள்ள வேண்டும். அது முடியும்வரை இரண்டு பேருக்கும் சேர்த்து மூச்சுவிட ஒரே ஒரு மவுத்பீஸ். நான் இரண்டு மூச்சு இழுத்துவிட்டு உன்னிடம் தர வேண்டும். நீ இரண்டு இழுத்துவிட்டு என்னிடம் தர வேண்டும். தாமதமானால் மணிக்கட்டில் இரண்டு தட்டு; ‘தா’ என்று அர்த்தம்.

ஹைதராபாத்தில் கடல் ஏது என்று கேட்காத ஆள் கிடையாது. கடல் இல்லைதான். சைனிக்புரியில் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் ஆழமான ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் டைவிங் வகுப்பு நடக்கும். கடலில் செய்ய வேண்டியதை விடுமுறைக்கு விடுமுறை அந்தமானில் போய்ச் செய்துகொள்வோம். இந்தக் கிறுக்கெல்லாம் என் வீட்டுக்காரருடையது. அவர் தூத்துக்குடிக்காரர். சாஃப்ட்வேர் வேலை அவரை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் குகட்பள்ளியில் நண்பர்களோடு தங்கியிருந்த காலத்தில், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாராம். தண்ணீர் வீணாகிறது என்று வீட்டு ஓனர் வந்து கத்திவிட்டுப் போனாராம்.

நான் செகந்திராபாத்திலேயே பிறந்தவள். எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய வந்து இங்கேயே தங்கிவிட்டது. எங்கள் வீட்டுத் தமிழில் ‘ஆமாம்’ போய் ‘ஹவ்’ வந்துவிட்டது. ‘வேண்டாம்’ போய் ‘நக்கோ’ வந்துவிட்டது. ‘எதற்கு’ போய் ‘கைக்கு’ வந்துவிட்டது. புதுப்பெண்ணாக இருந்தபோது அவர் இன்னொரு தோசை வைக்க வந்தார். நான் மரியாதையாக “நக்கோங்க” என்றேன். அந்த ஒரு சொல்லை ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பேச்சு இப்படிக் கரைந்துபோன வீட்டில் கரையாமல் நின்ற சட்டம் ஒன்று உண்டு. அண்ணாந்து குடிக்க வேண்டும். தண்ணீரோ காபியோ, பாத்திரத்தில் உதடு படக் கூடாது. பட்டால் எச்சில். அம்மா கொதிக்கக் கொதிக்கக் காபி தருவாள். அதையும் தூக்கித்தான் குடிப்போம். பள்ளிக்கூடத்தில் சோடா பாட்டிலை நான் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கென்ன! பாட்டிலில் வாய் வைப்பவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். கட்டிக்கொண்டவரோ பாட்டிலில் வாய் வைத்துக் கடகடவென்று குடிப்பவர். எங்கள் ஃப்ரிட்ஜில் சிவப்பு மூடி பாட்டில் அவருக்கு, நீல மூடி எனக்கு. இத்தனை வருஷத்தில் அவருடைய டம்ளரில் ஒரு வாய் நான் குடித்தது கிடையாது. அதற்காக அவர் முகம் சுளித்ததும் கிடையாது.

அவருக்கு ஓர் ஆசை. வேலையை விட்டுவிட வேண்டும், அந்தமானில் போய் உட்கார வேண்டும், கடல் பார்க்காதவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். ஆபீசில் அப்ரைசல் மீட்டிங் நடக்கும்போதுகூட மீன் படம் வரைந்துகொண்டிருப்பார். அதற்கு டைவ் மாஸ்டர் அட்டை வேண்டும். “நீயும் சேரு” என்றார்.

“எனக்குக் கைக்கு இதெல்லாம்?”

“ஏட்டி, நா மட்டும் அங்க போயி என்ன செய்ய? ரெண்டு பேருமாப் போவோம்.”

சரி என்று சேர்ந்தேன். நீச்சலில் அவரைவிட நான்தான் வேகம் என்பதை இங்கே சொல்லாமல் விட மாட்டேன். கோச் தெலுங்குக்காரர், எங்களைவிடச் சின்னவர், நல்ல மனிதர். முதல் நாள் என்னிடம், “மேடம், மீ ஹஸ்பண்ட் ஜாக்கெட் மீரு வேஸ்கோவாலி” என்றார். உங்கள் புருஷனுடைய ஜாக்கெட்டை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டுமாம், அவர் டம்ளரையே தொடாத என்னிடம்! எனக்கும் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் அடித்தரையில் போய் மண்டியிட்டதும் சிரிப்பெல்லாம் போயிற்று. அவர் இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மவுத்பீஸை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். வாங்கிய கை, நான் சொல்லாமலேயே, அதை உதட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டது! அண்ணாந்து வாயைத் திறந்தேன். காபியானால் ஊற்றும், காற்று எப்படி ஊற்றும்? குளத்துத் தண்ணீர்தான் ஊற்றியது. மூக்கிலும் வாயிலும் ஏற, அலறியடித்துக்கொண்டு மேலே வந்தேன்.

“இதி தாகே பாட்டில் காது மேடம், பள்ளதோ பட்டுகோவாலி” என்றார் கோச். இது குடிக்கிற பாட்டில் இல்லை, பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும் என்று. எனக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத் தெரியவில்லையே! மறுபடி இறங்கினோம். மறுபடி அதே கதை. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அப்படியேதான் ஆயிற்று. ஒருமுறை எப்படியோ கடித்துவிட்டேன்; ரப்பரில் அவர் வாயின் சூடு இருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

அன்றைக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். தார்நாகா சிக்னலில் வண்டி நின்றபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“என் வாயி உனக்கு அவ்வளவு அசிங்கமா?”

எனக்குச் சுருக்கென்றது. “ஐயோ, என்ன பேச்சு இது? எனக்கு எங்க அம்மா எச்சிலே ஆகாது, தெரியாதா உங்களுக்கு?” என்று கத்தினேன். கத்தினால் போதுமா? அவர் மனசு ஆறவில்லை என்று தெரிந்தது.

அதற்குள் பெருந்தொற்று வந்தது. குளத்தை மூடினார்கள். ஊரே மற்றவர் மூச்சைக் கண்டு ஒதுங்கியது. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு ஓடினார். எங்கள் வீட்டுச் சட்டம் நாட்டுச் சட்டமாகிவிட்டது என்று நான் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன். பிறகு குளம் திறந்தது. முதல் வகுப்பில் கோச் போனைப் பார்த்துப் புது விதியை வாசித்தார். மவுத்பீஸைப் பகிர வேண்டியதில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் உபரியாக மஞ்சள் குழாயில் இன்னொரு மவுத்பீஸ் தொங்கும். ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு சாமான்களை மாற்றிக்கொண்டால் போதும். நான் கைதட்டியது அப்போதுதான்.

நியாயமான விதி, அதில் சந்தேகமே இல்லை. நிஜமான ஆபத்தில் இப்போது யாரும் ஒரே மவுத்பீஸில் மாறி மாறி மூச்சு விடுவதில்லை, உபரி இருக்கும்போது எதற்கு என்றார் கோச். நோய் நொடி வேறு. எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் உம்மென்று இருந்தார்.

“பழைய மாதிரி செய்யக் கூடாதா?” என்று கேட்டார்.

இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் செய்யலாம், ஆனால் யாருக்கும் கட்டாயம் இல்லை என்றார் கோச்.

எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்தேன். “கிடைக்கிற அட்டைய வாங்கிட்டுப் போவீங்களா, இல்ல இதுலயும் பிடிவாதமா? உலகமே வேணாம்னு தூக்கிப் போட்டாச்சு, உங்களுக்கு மட்டும் கைக்கு அது?”

அவர் சத்தம் போடவில்லை. “இங்க பாரு. நாளைக்கு எவனோ ஒருத்தன் நம்மள நம்பிக் கடலுக்குள்ள வாரான். அவனுக்கு நாம என்ன சொல்லப் போறோம்? என் மூச்ச உங்கிட்ட குடுத்தா அது திரும்பி வரும்னு எனக்குத் தெரியணும்லா. வாயில ஒண்ணுமில்லாம காத்துக் கிடக்கேன் பாரு, அதாம்ட்டி பரீட்சை. சாமான் மாத்துறதா பரீட்சை? அத வேட்டி மாத்துற மாதிரி எவனும் செஞ்சிருவான்.” பிறகு, “எனக்கு அட்டை வேணும். ஆனா உங்கூட அப்படி ஒருதடவ செஞ்சிட்டு வாங்கணும்” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில் தார்நாகா சிக்னல் ஞாபகம் வந்தது. “சரி, ஹவ், செய்யலாம். ஆனா தண்ணிக்குள்ள என் கை கேக்காது. முதல்ல தரையில பழகணும்” என்றேன்.

எங்கள் பயிற்சி சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது. காலையில் ஒரே ஒரு டம்ளர் காபி. எதிரெதிரே உட்காருவோம். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு நீட்டுவார். நான் உதடு படக் குடிக்க வேண்டும். முதல் நாள் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அவர் வாய் வைக்காத பக்கம் தேடினேன். “அங்க தேட நேரம் கெடையாதுட்டி, செத்துப் போவோம்” என்று சிரித்தார். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். காபி தொண்டையில் இறங்க மறுத்தது. பிறகு இறங்கியது. பிறகு குமட்டல் நின்றது. நான் தாமதம் செய்தால் மணிக்கட்டில் இரண்டு தட்டு. அவர் தாமதம் செய்தால் நானும் விடுவதில்லை, நன்றாக வலிக்கிற மாதிரியே தட்டுவேன். சில வாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டே ஒரு டம்ளரை மாற்றி மாற்றிக் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, என் புருஷன் குடித்த காபி இனிப்பாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் அந்தக் காலைகளுக்காகவே சீக்கிரம் எழுந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை என்று கோச்சிடம் சொல்லிவிட்டோம். சனிக்கிழமை காலை வழக்கம்போல் உட்கார்ந்தோம். அவர் டம்ளரை வாங்கி வாயில் வைத்தார். காபி உள்ளே போகவில்லை. இடது ஓரத்தில் வழிந்து தாடையில் இறங்கி, வெள்ளைச் சட்டையில் ஓடியது.

“என்ன விளையாட்டு இது, சட்டை பூரா கறை!” என்றேன்.

அவர் ஏதோ சொன்னார். சொல் உருவாகவில்லை. டம்ளரை என்னிடம் நீட்டினார். நீட்டிய இடது கை பாதியில் தளர்ந்து மேஜையில் விழுந்தது. காபி முழுக்கக் கொட்டியது. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் சிரிப்பது மாதிரி இருந்தது. இன்னொரு பக்கம் இறங்கிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுபோனதால் உயிர் தப்பினார் என்றார்கள். அங்கே இருந்த நாட்களில் அவருக்கு மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூச்சிலிருந்து கொடுக்க முடியாதா என்று பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது.

நடை வந்தது, இழுத்து இழுத்து. பேச்சு வந்தது, குழறிக் குழறி. இடது கை பாதி வந்தது. வாயின் இடது ஓரம் மட்டும் வரவே இல்லை. உதடு மூடினாலும் அந்த மூலையில் ஒரு சின்ன இடைவெளி நிற்கும். சாதாரண மனிதனுக்கு அது சின்ன விஷயம். மவுத்பீஸைக் கவ்வ வேண்டியவருக்கு அதுதான் எல்லாம்.

அவர் விடவில்லை. ஒருநாள் நான் கடைக்குப் போய்வந்தபோது, பையிலிருந்து மவுத்பீஸ் மாட்டிய தன் ரெகுலேட்டர் குழாயை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று மவுத்பீஸைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை விட்டால் சரிந்து விழுகிறது. மறுபடி எடுத்து வைக்கிறார். விழுகிறது. என்னைப் பார்த்ததும், “ரப்பரு... பழசு... வழுக்குது” என்றார்.

புது ரப்பர் வாங்கி மாட்டிக்கொடுத்தேன். அதுவும் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் ரப்பரைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். தண்ணீருக்குள் இறங்குவதை மறந்துவிடுங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். கோச் வீட்டுக்கு வந்தார். பாவம், ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். “சார் பாக்கி எல்லாம் முடித்துவிட்டார். இது ஒன்றுதான். புது முறையில் எவ்வளவு சுலபம்...” என்று ஆரம்பித்து, அவர் வாயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். விதி இளகி வந்த நேரத்தில் உடம்பு இளகாமல் போய்விட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கோச் போனதும் அவர் என்னிடம், “நீ... முடிச்சிரு” என்றார்.

“நக்கோ.”

“நீயாவது... முடிட்டி.”

“நீங்க இல்லாம யாருக்கு வேணும் அந்த அட்டை? நக்கோன்னா நக்கோ!” என்று கத்திவிட்டு உள்ளே போய் அழுதேன். ஆனால் அவர் கேட்டு நான் எத்தனை நாள் மறுப்பேன்? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத்தரை வழுக்கும் என்று அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கரையில் நிறுத்திவிட்டு இறங்கினேன்.

எனக்கு ஜோடியாக வந்தது கல்லூரி முடித்த ஒரு பெண். கெட்டிக்காரி. அடித்தரையில் மண்டியிட்டோம். அவள் வாயில் ஒன்று, என் வாயில் ஒன்று. அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை; என்னிடம் அவளும் கேட்கவில்லை. மாஸ்க், துடுப்பு, ஜாக்கெட் எல்லாம் கை மாறின. வேட்டி மாற்றுகிற மாதிரி என்று அவர் சொன்னது சரிதான். மூச்சு ஒரு முறைகூடத் தடைப்படவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் கையால் ‘ஓகே’ காட்டினாள். மாஸ்க்குக்குள் என் கண் நிரம்பியிருந்தது.

மேலே வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் நல்ல கையால் தன் தொடையில் தட்டினார். “எப்படி... இருந்துச்சு?” என்று கேட்டார்.

“தனியா இருந்துச்சு” என்றேன்.



வீட்டுக்கு வந்து காபி போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் எங்களுக்கு ஒரே டம்ளர்தான். நான் முதலில் உதடு வைத்துச் சூடு பார்ப்பேன். பிறகு அவர் வாயின் நல்ல பக்கத்தில் டம்ளரை வைத்து, இடது மூலையை என் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அவர் இரண்டு வாய் குடிப்பார். பிறகு நான் இரண்டு வாய்.

அன்றைக்கு எங்கேயோ பார்த்துக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. மணிக்கட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

“மூணு வாய்... குடிச்சிட்ட” என்றார். பிறகு, ஒரு பக்க உதட்டால் சிரித்துக்கொண்டே, “ஃபெயிலு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவசரமாக டம்ளரை அவர் வாயில் வைத்தேன். விரல் வைக்க மறந்துவிட்டேன். காபி மூலையில் வழிந்து கழுத்தில் ஓடியது. அவர் சிரிப்பு நின்றது. கண் கலங்கியது.

“வாயில... நிக்க மாட்டேங்கு... ஏட்டி” என்றார்.

“நான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க இழுங்க” என்று விரலை வைத்து அழுத்தினேன்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இரண்டு வாய். அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட எடுக்காமல், நல்ல கையால் டம்ளரை என் பக்கம் தள்ளினார்.